நாற்காலியில் ஒட்டியிருக்கும் ‘இ’

நான்கு கால் இருந்தால் நாற்காலி. மூன்று கால் என்றால் முக்காலி. மூடுவது மூடி, விசிறுவது விசிறி, வடிகட்டுவது வடிகட்டி, வழி காட்டுபவர் வழிகாட்டி. எல்லாவற்றின் கடைசியிலும் ஓர் ‘இ’ ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதைத் தனியாகப் பிரித்து வைத்துப் பொருள் கேட்டால் சட்டென்று சொல்ல வராது. ‘உடையது’, ‘செய்வது’ என்று ஏதோ சொல்லிப் பார்க்கலாம். ஆனால் தமிழ் பேசுகிற எல்லோருக்கும் அதன் வேலை தெரியும். கைபேசியில் ‘செயலி’ என்ற சொல்லை முதல்முறை பார்த்தபோது பலருக்கு அகராதி தேவைப்படவில்லை. செயல் தெரியும், ‘இ’ தெரியும், அது போதும்.

தொலைபேசி, உலாவி, வருடி, மின்மாற்றி, குளிரூட்டி, பூச்சிக்கொல்லி எல்லாமே இதே அச்சில் வார்த்தவைதான். நாற்காலியைச் செய்த அதே ‘இ’, கணினித் திரைக்குள் இருப்பதற்கும் பெயர் வைத்துக் கொடுக்கிறது.

புதுச்சொல் வேண்டும் என்றதும் நாம் வேர்ச்சொல்லைத் தேடத் தொடங்கிவிடுகிறோம். எந்தப் பழைய நூலில் என்ன வேர் கிடைக்கும் என்று தோண்டுகிறோம். வேர் முக்கியம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஒரு சொல் புழக்கத்தில் நிலைப்பதும் காணாமல் போவதும் பெரும்பாலும் அதன் தலையிலோ வாலிலோ ஒட்டும் துண்டைப் பொறுத்தது என்பது என் உறுதியான எண்ணம். அந்தத் துண்டு எவ்வளவு சிறியது, எவ்வளவு தெரிந்தது, எத்தனை வேர்களோடு ஒத்துப்போகிறது என்பதில்தான் மொழியின் உற்பத்தித் திறன் இருக்கிறது. உலக மொழிகள் பலவற்றிலும் இதைப் பார்க்கலாம்.

தமக்கென்று இயல்பு இல்லாதவை

இந்தத் துண்டுகளைத் தமிழ் இலக்கணம் மிகப் பழங்காலத்திலேயே கவனித்துவிட்டது. இடைச்சொற்கள் பெயரோடும் வினையோடும் சேர்ந்துதான் நடக்கும், ‘தமக்கு இயல்பு இலவே’ என்கிறது தொல்காப்பியம். தனியே நிற்காது, ஆனால் நிற்பவற்றின் போக்கையே மாற்றிவிடும். நன்னூல் ஒரு சொல்லைப் பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் என்று ஆறாகப் பிரித்துக் காட்டியது. பள்ளியில் பகுபத உறுப்பிலக்கணம் என்று மதிப்பெண்ணுக்காகப் படித்தது இதைத்தான். இன்றைய மொழியியல் முன்னால் ஒட்டுவதை முன்னொட்டு என்றும் பின்னால் ஒட்டுவதைப் பின்னொட்டு என்றும் சொல்கிறது.

ஒட்டுகளில் இரண்டு வகை உண்டு. ‘மரங்களை’ என்பதில் உள்ள ‘கள்’, ‘ஐ’ இரண்டும் புதுச்சொல் எதையும் உண்டாக்கவில்லை. மரம் மரமாகவேதான் இருக்கிறது, வாக்கியத்தில் அதன் இடம்தான் மாறுகிறது. ‘நூலகம்’ அப்படியில்லை. நூல் வேறு, நூலகம் வேறு. அகராதியில் அதற்குத் தனி இடம் வேண்டும். இந்தக் கட்டுரை முக்கியமாக இந்த இரண்டாம் வகையைப் பற்றியது.

ஒரே ஒரு வேரை எடுத்துக்கொள்வோம்: ‘அறி’. அதோடு ‘வு’ சேர்ந்தால் அறிவு. ‘க்கை’ சேர்ந்தால் அறிக்கை. நடுவில் பிறவினை காட்டும் ‘வி’ வந்து, அப்புறம் ‘ப்பு’ வந்தால் அறிவிப்பு. ‘ஞர்’ வந்தால் அறிஞர், ‘ஆளி’ வந்தால் அறிவாளி, ‘இயல்’ வந்தால் அறிவியல். எதிர்மறை ‘ஆ’வும் ‘மை’யும் சேர்ந்தால் அறியாமை. வேர் ஒன்றுதான். அலுவலகத்தில் தாக்கல் செய்யும் தாளும், ஒலிபெருக்கியில் கேட்கும் குரலும், ஆய்வுக்கூடத்தில் நடக்கும் வேலையும் அதிலிருந்தே வருகின்றன. பொருளைப் பிரித்துக் கொடுத்தவை அந்தச் சிறு துண்டுகள்.

இதில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். வளர் என்றால் வளர்ச்சி, முயல் என்றால் முயற்சி, மகிழ் என்றால் மகிழ்ச்சி. ஆனால் ‘அறிச்சி’ என்று யாரும் சொல்வதில்லை. சொன்னால் புரியாமல் போகாது, காதில் இடிக்கும். அறிவு என்ற சொல் ஏற்கெனவே அந்த இடத்தில் உட்கார்ந்துவிட்டது, இன்னொன்றுக்கு இடமில்லை. ஆங்கிலத்திலும் இப்படித்தான். ‘டீச்’ செய்பவர் டீச்சர், ‘ரைட்’ செய்பவர் ரைட்டர். ‘ஸ்டீல்’, அதாவது திருடு, செய்பவரை மட்டும் ‘ஸ்டீலர்’ என்று பொதுவாகச் சொல்வதில்லை. ‘தீஃப்’ முன்பே வந்து இடத்தைப் பிடித்துவிட்டது. ஒட்டுகளுக்கு விதி உண்டு. ஆனால் ஏற்கெனவே பழகிய சொல் இருந்தால் விதி ஒதுங்கிக்கொள்கிறது.

சில ஒட்டுகள் பொறுப்பு யாருடையது என்பதையே தீர்மானிக்கின்றன. தானாக நடந்தால் அழிவு, ஒருவர் செய்தால் அழிப்பு. பிரிவு, பிரிப்பு, வளர்ச்சி, வளர்ப்பு, இணைவு, இணைப்பு எல்லாம் இதே கதைதான். ‘காடுகளின் அழிவு’ என்று தலைப்புப் போட்டால் காடு ஏதோ தானே மறைந்தது போல் இருக்கும். ‘காடழிப்பு’ என்றால் யாரோ வெட்டியிருக்கிறார்கள் என்பது சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. செய்தி எழுதுபவர்கள் இந்த ‘வு’வுக்கும் ‘ப்பு’வுக்கும் உள்ள தூரத்தை மறக்கக் கூடாது. எழுத்துப் பிழை பார்ப்பதில் காட்டும் அக்கறையை இங்கேயும் காட்டலாம்.

‘கடன்’ என்ற சொல்லும் அதே போல. கடன்பட்டவர் கடனாளி. கொடுத்துவிட்டு வாசலில் வந்து நிற்பவர் கடன்காரர், வாங்கியவரையும் சில வேளை அப்படிச் சொல்வதுண்டு. வாங்கியவர் படிவத்தில் கையெழுத்துப் போடும்போது கடன்தாரர். ‘பங்கு’ இன்னும் அழகாகப் பிரிகிறது. பங்காளி என்றால் உறவு, பங்குதாரர் என்றால் நிறுவனம். இரண்டுக்கும் நேர்ப்பொருள் ‘பங்கு உடையவர்’ என்பதுதான். உறவையும் வணிகத்தையும் பிரித்து வைத்தது ஒட்டு.

அந்தத் ‘தார்’ பாரசீகத்திலிருந்து வந்தது. ‘வைத்திருப்பவர்’ என்று பொருள். முதலில் ஜமீன்தார், தாசில்தார், சுபேதார் என்று முழுச் சொற்களாகத்தான் உள்ளே வந்தது. பொதுவாக யாரும் ஒட்டை மட்டும் கடன் வாங்குவதில்லை. ஒரே வாலோடு பல சொற்கள் காதில் விழ விழ, கேட்பவர்களின் மனம் அந்த வாலைத் தனியே பிரித்தெடுத்துக்கொள்கிறது. அப்புறம் அது நம் சொந்தச் சொற்களிலும் ஒட்டத் தொடங்கும். சந்தாதாரர், மனுதாரர், வாடகைதாரர் என்று பெருகியது அப்படித்தான். ‘பாலிசிதாரர்’ என்ற சொல்லைப் பாருங்கள். ஆங்கிலப் பகுதி, பாரசீக ஒட்டு, தமிழ் ‘அர்’. மூன்று மொழிகள் ஒரே சொல்லில், தையல் தெரியாமல் இருக்கின்றன. திறமைசாலியில் தமிழும் வடமொழியும், அரசியல்வாதியிலும் அப்படியே. ஆங்கிலத்தின் ‘ரீடபிள்’ என்பதில் ‘ரீட்’ அந்த மொழியின் பழைய சொத்து, ‘ஏபிள்’ பிரெஞ்சு வழியாக வந்தது. ஒட்டு விஷயத்தில் எந்த மொழியும் தூய்மை பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை.

தேய்ந்து போன முழுச்சொற்கள்

சரி, இந்த ஒட்டுகள் முதலில் எங்கிருந்து வருகின்றன? யாராவது உட்கார்ந்து ‘அகம்’ என்பதை இனி வாலாக வைத்துக்கொள்வோம் என்று தீர்மானித்தார்களா? சில வேளை அப்படியும் நடக்கிறது, பிறகு சொல்கிறேன். பெரும்பாலும் ஒட்டு என்பது தேய்ந்து போன ஒரு முழுச்சொல்.

இலத்தீனில் ‘மென்ஸ்’ என்றால் மனம். ‘தெளிந்த மனத்தோடு’ என்று சொல்ல ‘கிளாரா மென்தே’ என்றார்கள். மனத்தோடு செய்வது, மனத்தோடு பேசுவது என்று பழகிப் பழகி, மனமே இல்லாதவற்றுக்கும் ‘மென்தே’ போட ஆரம்பித்துவிட்டார்கள். இன்று ஸ்பானிய மொழியில் ‘லெந்தாமென்தே’ என்றால் மெதுவாக, அவ்வளவுதான். மனம் அதில் இல்லை. ஆனால் தடம் அழியவில்லை. இலத்தீனில் மனம் என்ற சொல் பெண்பால். அதனால் இன்றும் ஸ்பானியர்கள் ‘லெந்தோ’ என்ற ஆண்பால் வடிவில் ‘மென்தே’யை ஒட்டுவதில்லை, ‘லெந்தா’ என்ற பெண்பால் வடிவில்தான் ஒட்டுகிறார்கள். ‘தெளிவாகவும் மெதுவாகவும்’ என்று இரண்டைச் சேர்த்துச் சொல்லும்போது ‘கிளாரா இ லெந்தாமென்தே’ என்று கடைசிச் சொல்லில் மட்டும் ‘மென்தே’ வருகிறது. ஒரு காலத்தில் தனிச்சொல்லாக இருந்த பழக்கம் அதற்கு இன்னும் போகவில்லை.

நம்முடைய ‘மெதுவாக’, ‘தெளிவாக’, ‘அழகாக’ என்பவற்றில் உள்ள ‘ஆக’வும் இதே பயணம் வந்ததுதான். ‘ஆகு’ என்ற வினையின் எச்சம் அது. அழகு ஆக, தெளிவு ஆக. இன்று அதைச் சொல்லும்போது எதுவும் எதுவாகவும் ஆவதாக நாம் நினைப்பதில்லை. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு மொழிக் குடும்பங்களில், ஒன்று மனத்திலிருந்தும் இன்னொன்று ஆவதிலிருந்தும் புறப்பட்டு, ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன.

ஆங்கிலத்தின் ‘லி’ இன்னும் விசித்திரமானது. பழைய ஆங்கிலத்தில் ‘லீச்’ என்றால் உடல். ‘ஃபிரெண்ட்லி’ என்பதற்கு அடிப்படை ‘நண்பனின் உருவம் கொண்ட’ என்பது. அதே வேரிலிருந்து வந்த ‘லைஹெ’ என்ற சொல்லுக்கு ஜெர்மனில் இன்றும் பிணம் என்று பொருள். ‘கிங்டம்’, ‘ஃபிரீடம்’ என்பவற்றில் உள்ள ‘டம்’ ஒரு காலத்தில் தீர்ப்பைக் குறித்த தனிச்சொல். ‘சைல்ட்ஹுட்’டில் உள்ள ‘ஹுட்’ நிலை, தகுதி என்ற பொருளுடைய சொல்.

இந்தத் தேய்மானம் பழங்கதை அல்ல, இப்போதும் நம் வாயில் நடந்துகொண்டிருக்கிறது. நான் இந்த வாக்கியத்தை முடித்த விதத்தையே பாருங்கள்: ‘நடந்துகொண்டிருக்கிறது’. ‘கொள்’ என்பது எடு, பிடி என்று பொருள் தரும் முழு வினை. எழுத்தில் ‘செய்துகொண்டிருக்கிறான்’. பேச்சில் ‘செஞ்சுக்கிட்டிருக்கான்’. இன்னும் வேகமாகப் பேசினால் ‘செஞ்சிட்டிருக்கான்’. ‘கொண்டு’ இருந்த இடத்தில் ஒரு ‘ட்டு’ மட்டும் மிஞ்சியிருக்கிறது. எழுத்துத் தமிழே இல்லாத ஓர் உலகில், வெளியிலிருந்து வந்து பேச்சை மட்டும் பதிவு செய்யும் ஒருவர், இதைத் தொடர் நிகழ்வு காட்டும் ஒட்டு என்றுதான் குறித்துக்கொள்வார். அதற்குள் ஒரு முழு வினை இருந்தது என்று அவருக்குத் தோன்றக்கூடத் தோன்றாது.

தப்பாக வெட்டியதில் பிறந்தவை

தேய்மானம் ஒரு வழி. பிழை இன்னொரு வழி. பிழை என்று சொன்னாலும் எனக்கு மிகப் பிடித்த பகுதி இதுதான். மொழியைப் பேசுபவர்கள் வெறுமனே திருப்பிச் சொல்பவர்கள் அல்ல, காதில் விழுவதை ஓயாமல் பிரித்துப் பார்ப்பவர்கள் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

அரபு மொழியில் எழுதுவது தொடர்பான சொற்கள் எல்லாம் க-த-ப என்ற மூன்று மெய்களைச் சுற்றி வருபவை. கிதாப் என்றால் புத்தகம், காதிப் என்றால் எழுதுபவர், மக்தூப் என்றால் எழுதப்பட்டது, மக்தப் என்றால் எழுதும் இடம், அதாவது அலுவலகம். வேர் மெய்களாக நிற்க, உயிர்கள் நடுவில் மாறி மாறி வந்து பொருளைத் திருப்புகின்றன. முன்னால் வரும் ‘ம’ பல சொற்களில் இடத்தைக் குறிக்கும். தொழுகையில் தலை தாழ்த்தும் இடம் மஸ்ஜித், படிக்கும் இடம் மதரஸா. நாம் ‘அகம்’ என்று பின்னால் வைப்பதை அவர்கள் ‘ம’ என்று முன்னால் வைக்கிறார்கள்.

இந்தக் ‘கிதாப்’ கிழக்கு ஆப்பிரிக்காவின் சுவாஹிலி மொழிக்குப் போய் ‘கிதாபு’ ஆனது. சுவாஹிலியில் பெயர்ச்சொற்கள் வகுப்பு வகுப்பாகப் பிரிந்திருக்கும், ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு முன்னொட்டு. மனிதர் ‘ம்து’, மனிதர்கள் ‘வாது’. பொருள் ‘கிது’, பொருள்கள் ‘விது’. அதாவது ஒருமையில் ‘கி’ வந்தால் பன்மையில் ‘வி’. மொழியின் பெயரே அவர்கள் வழக்கில் ‘கிஸ்வாஹிலி’தான். அந்த மக்கள் ‘வாஸ்வாஹிலி’. இப்போது ‘கிதாபு’ வந்து நிற்கிறது. அதன் முதலில் ஒரு ‘கி’ இருக்கிறதே! பன்மை என்ன? ‘விதாபு’. அரபியில் ‘கி’ என்பது ஒட்டே அல்ல, வேரின் முதல் மெய். சுவாஹிலி பேசுபவர்கள் அதைத் தங்கள் ஒட்டாகக் கேட்டார்கள், கழற்றினார்கள், வேறு ஒட்டை மாட்டினார்கள். ‘இடப்பக்கமாகவே செல்’ என்ற ஆங்கிலச் சாலைப் பலகையின் ‘கீப் லெஃப்ட்’ அங்கே ‘கிபிலெஃப்தி’ ஆகி, சாலை வட்டத்தைக் குறிக்கும் சொல்லானது. அதன் பன்மை ‘விபிலெஃப்தி’.

ஹெலிகாப்டர் என்ற சொல்லிலும் இதே கத்திரி வேலைதான். கிரேக்கத்தில் ‘ஹெலிக்’ என்றால் சுருள், ‘ப்டெரோன்’ என்றால் இறக்கை. சரியாகப் பிரித்தால் ‘ஹெலிக்கோ’, ‘ப்டர்’. ஆனால் காது அதை ‘ஹெலி’, ‘காப்டர்’ என்று வெட்டியது. அப்புறம் ‘ஹெலிபேட்’ ஒரு பக்கம் போக, நான்கு சுழலிகள் கொண்டதற்குக் ‘குவாட்காப்டர்’ என்று இன்னொரு பக்கம் போனது. ஹாம்பர்க் நகரத்தின் பெயரிலிருந்து வந்தது ஹாம்பர்கர். ‘ஹாம்’ என்பதைத் தனியாக வெட்டி, மிச்சமிருந்த ‘பர்கர்’ என்பதை வேறு பலவற்றில் ஒட்டினார்கள். 1972இல் வாஷிங்டனின் வாட்டர்கேட் கட்டடத்தில் நடந்த ஊடுருவல் அமெரிக்க அரசியலைப் புரட்டியது. அதற்கப்புறம் எந்த ஊழல் வெளிவந்தாலும் ஆங்கிலச் செய்தியாளர்கள் அதன் பெயரோடு ‘கேட்’ சேர்க்கிறார்கள். வாயில் என்ற பொருளுடைய ஒரு சொல், ஒரு கட்டடத்தின் பெயருக்குள் புகுந்து, ‘அவப்பெயர் தரும் விவகாரம்’ என்ற பொருளுடைய பின்னொட்டாக வெளியே வந்திருக்கிறது.

முன்னாலா, பின்னாலா

விவகாரம் என்றதும் நினைவுக்கு வருகிறது. வடமொழியில் உபசர்க்கம் என்று 22 முன்னொட்டுகளை இலக்கணக்காரர்கள் எண்ணி வைத்திருக்கிறார்கள். எடு, கொண்டுபோ என்ற பொருளுடைய ‘ஹ்ரு’ என்ற வேரில் அவை என்ன செய்கின்றன என்று பாருங்கள். ‘ஆ’ சேர்ந்தால் ஆகாரம், உணவு. ‘சம்’ சேர்ந்தால் சம்ஹாரம், அழிப்பு. ‘வி’ சேர்ந்தால் விஹாரம், உலாவல். ‘பரி’ சேர்ந்தால் பரிகாரம். ‘அப’ சேர்ந்தது அபகரிப்பு. ‘வி’, ‘அவ’ இரண்டும் சேர்ந்தது விவகாரம். ‘உத்’, ‘ஆ’ இரண்டும் சேர்ந்தது உதாரணம். உணவுக்கும் அழிவுக்கும் உதாரணத்துக்கும் வேர் ஒன்றே. இவற்றைத் தமிழில் நாம் தினமும் சொல்கிறோம், ஆனால் முழுச் சொற்களாகத்தான் வைத்திருக்கிறோம். உள்ளே இருக்கும் மூட்டு நமக்குத் தெரிவதில்லை. ‘தார்’ போல இவை பிரிந்து வந்து நம் வேர்களில் பெரிதாக ஒட்டவில்லை. ‘உபதொழில்’ போல ஒன்றிரண்டு உண்டு.

தமிழில் முன்னொட்டே கிடையாது என்று சொல்வார்கள். அது பாதி உண்மை. அவன், இவன், எவன். அங்கு, இங்கு, எங்கு. அப்படி, இப்படி, எப்படி என்று சுட்டும் வினாவும் முன்னால்தான் நிற்கின்றன. அதைத் தவிர, கடந்த நூறு ஆண்டுகளில் வேறொன்று நடந்திருக்கிறது. மறு, மீள், துணை, நுண், தொலை என்று சில சொற்கள் முன்னால் நின்று நின்று பழகிவிட்டன. மறுசுழற்சி, மறுபதிப்பு, மறுவாழ்வு. நுண்ணுயிர், நுண்ணோக்கி. தொலைபேசி, தொலைக்காட்சி, தொலைநோக்கி. இலக்கணப்படி இவை தொகைச்சொற்கள். ஆனால் ‘தொலைபேசி’ என்னும்போது தொலைத்ததும் தொலைந்ததும் நம் மனத்தில் எழுவதில்லை. இலத்தீனின் மனம் போன வழியில் நம் ‘தொலை’யும் போகிறது என்றே எனக்குப் படுகிறது.

உலக அளவில் பின்னொட்டுக்கே ஆதரவு அதிகம். மொழியியலாளர் மேத்யூ டிரையர் 969 மொழிகளின் இலக்கண ஒட்டுகளை ஒப்பிட்டார். பெரும்பாலும் பின்னொட்டையே பயன்படுத்தும் மொழிகள் 406. பெரும்பாலும் முன்னொட்டையே பயன்படுத்துபவை 58 மட்டுமே. இதற்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று, நாம் கேட்கும் விதம். ஒரு சொல் காதில் முழுதாக விழும் வரை நாம் காத்திருப்பதில்லை, முதல் ஒலியிலிருந்தே ஊகிக்கத் தொடங்குகிறோம். எனவே எது என்று அடையாளம் காட்டும் வேர் முதலில் வருவது கேட்பவருக்கு வசதி. வாக்கிய அமைப்பும் ஒரு காரணம். வினையைக் கடைசியில் வைத்து, ‘மேல்’, ‘கீழ்’, ‘உடன்’ போன்றவற்றைப் பெயருக்குப் பின்னால் வைக்கும் மொழிகளில், தேய்ந்து ஒட்டப் போகும் சொற்களும் பின்னால்தான் நிற்கும். தமிழும் துருக்கியும் ஜப்பானியமும் அந்தக் கூட்டம்.

முன்னும் பின்னும் தவிர நடுவிலும் ஒட்டலாம். பிலிப்பைன்சின் தகாலோகு மொழியில் ‘சுலத்’ என்றால் எழுத்து. அதன் முதல் மெய்க்கு அடுத்து ‘உம்’ நுழைந்து ‘சுமுலத்’ ஆனால் எழுதினார் என்று ஆகும். இரு பக்கமும் சேர்ந்து அணைப்பதும் உண்டு. நேர்மையான என்ற பொருளில் ‘அடில்’ என்பதை அரபியிலிருந்து வாங்கிய இந்தோனேசிய மொழி, முன்னால் ‘கெ’, பின்னால் ‘அன்’ வைத்துக் ‘கெயடிலன்’ என்றால் நீதி என்கிறது. ‘கெ’யை மட்டும் வைத்தாலும் ‘அன்’னை மட்டும் வைத்தாலும் அந்தச் சொல் வராது.

எந்த ஒட்டு முதலில் சேர்ந்தது என்பதும் பொருளை மாற்றும். ஆங்கிலத்தின் ‘அன்லாக்கபிள்’ ஒரு நல்ல புதிர். ‘லாக்கபிள்’ என்பதோடு ‘அன்’ சேர்ந்ததாகக் கொண்டால் பூட்ட முடியாதது. ‘அன்லாக்’ என்பதோடு ‘ஏபிள்’ சேர்ந்ததாகக் கொண்டால் பூட்டைத் திறக்கக்கூடியது. எழுத்து ஒன்றுதான், பொருள் நேரெதிர். துருக்கியில் எல்லாம் பின்னால் வரிசையாக வருவதால் இந்தக் குழப்பம் குறைவு. ‘எவ்’ என்றால் வீடு, ‘லெர்’ பன்மை, ‘இமிஸ்’ என்றால் நம்முடைய, ‘தெ’ என்றால் இல். ‘எவ்லெரிமிஸ்தெ’ என்றால் நம் வீடுகளில். பன்மை முதலில், வேற்றுமை கடைசியில். நம் ‘வீடுகளில்’ என்பதற்கும் அதே வரிசைதான். ‘வீட்டில்கள்’ என்று நாம் யாரும் சொல்வதில்லை.

திட்டமிட்டுச் செய்தவை

தானாகத் தேய்ந்தும் தப்பாக வெட்டியும் வந்தவை இருக்க, மேசையைச் சுற்றி உட்கார்ந்து முடிவு செய்தவையும் உண்டு. 1795இல் பிரான்சு தன் புதிய அளவை முறைக்குக் ‘கிலோ’, ‘சென்டி’, ‘மில்லி’ போன்ற முன்னொட்டுகளைச் சட்டமாக்கியது. 2022 நவம்பரில் எடைகள், அளவைகள் பற்றிய பன்னாட்டு மாநாடு மேலும் நான்கைச் சேர்த்தது: ரொன்னா, குவெட்டா, ரொன்டோ, குவெக்டோ. ரொன்னா என்றால் ஒன்றுக்குப் பின் 27 பூச்சியங்கள். பூமியின் நிறை ஏறத்தாழ 6 ரொன்னாகிராம். இதில் ஓர் ஒழுங்கும் வைத்திருக்கிறார்கள். மெகாவிலிருந்து மேலே போகும் பெரியவை எல்லாம் ‘ஆ’ ஒலியில் முடியும், மைக்ரோவிலிருந்து கீழே போகும் சிறியவை எல்லாம் ‘ஓ’வில் முடியும்.

வேதியியலார் 1892இல் ஜெனீவாவில் கூடிக் கரிமச் சேர்மங்களின் பெயர்களுக்கு விதி வகுத்தார்கள். ஈத்தேன், ஈத்தீன், ஈத்தைன் என்று படித்திருப்பீர்கள். கரி அணுக்களிடையே ஒற்றைப் பிணைப்பு, இரட்டைப் பிணைப்பு, முப்பிணைப்பு என்ற வேறுபாடு முழுவதும் அந்த வாலில் இருக்கிறது. எத்தனாலின் ‘ஆல்’ அது ஓர் ஆல்கஹால் என்று சொல்லிவிடுகிறது.

1887இல் வெளியான எஸ்பெராண்டோ மொழி இதை முழு மொழிக்கும் செய்து பார்த்தது. ‘சான்’ என்றால் நலமான. ‘மல்’ அதை எதிராக்கும், ‘உல்’ ஆளைக் குறிக்கும், ‘ஏய்’ இடத்தைக் குறிக்கும், ‘ஓ’ பெயர்ச்சொல் ஆக்கும். ‘மல்சானுலேயோ’ என்றால் நலமற்றவர்கள் இருக்கும் இடம், மருத்துவமனை. துருக்கியில் 1932இல் தொடங்கிய மொழிக் கழகம் அரபு, பாரசீகச் சொற்களுக்குப் பதிலாகச் சொந்த வேர்களிலும் ஒட்டுகளிலும் ஆயிரக்கணக்கான சொற்களைப் பரப்பியது. பின்னாளில் கணினிக்கு அவர்கள் வைத்த பெயர் ‘பில்கிசயார்’. ‘பில்’ அறி, ‘கி’ சேர்ந்தால் அறிவு, ‘சயார்’ எண்ணுவது. நாம் ‘கணி’யிலிருந்து கணினிக்குப் போனோம்.

தமிழிலும் இருபதாம் நூற்றாண்டில் ‘இயல்’, ‘இயம்’, ‘அகம்’ மூன்றும் இப்படி முனைந்து வளர்க்கப்பட்டவை. உளவியல், புவியியல், பெண்ணியம், மார்க்சியம், நூலகம், மருந்தகம். இவை வென்றதற்குக் காரணம் சிறியவையாக இருந்ததும், ஒரே வேலையை மாறாமல் செய்ததும்தான். ஒரு ‘இயல்’ தெரிந்தவருக்கு அடுத்த ‘இயல்’ இலவசம். மாறாக, மூன்று நான்கு சொற்களை அடுக்கி விளக்கமாகக் கட்டிய கலைச்சொற்கள் பலவும் பட்டியலோடு நின்றுவிட்டன. அவற்றில் பிழை இல்லை, ஒட்டத் தெரியாததுதான் குறை.

ஒரு கதவு மூடியது

1958இல் ஜீன் பெர்கோ என்ற ஆய்வாளர் 4 முதல் 7 வயது வரையான குழந்தைகளிடம் ஒரு விநோதப் பறவையின் படத்தைக் காட்டி, ‘இது ஒரு வக்’ என்றார். அப்படி ஒரு சொல் ஆங்கிலத்தில் கிடையாது. பிறகு இரண்டு பறவைகளைக் காட்டி, ‘இப்போது இரண்டு...’ என்று நிறுத்தினார். குழந்தைகள் ‘வக்ஸ்’ என்றார்கள். அதற்கு முன் யாரும் சொல்லிக் கேட்டிராத சொல். எனவே அவர்கள் மனப்பாடம் செய்து சொல்லவில்லை, ஒட்டைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறார்கள். ‘லிங்க்குகள்’, ‘வீடியோக்கள்’ என்று நாமும் யோசிக்காமல் சொல்கிறோம். ‘ஆட்டோக்காரர்’ வந்தபோது எந்தக் குழுவும் கூடவில்லை. பெயர்ச்சொல் எங்கிருந்து வந்தாலும் தமிழ் ஒட்டுகள் வரவேற்று உட்கார வைக்கின்றன.

வினைச்சொல் அப்படி இல்லை. வடமொழியிலிருந்து வந்த யோசி, வாசி, நேசி, தியானி எல்லாம் கடைசியில் ஓர் ‘இ’ வாங்கிக்கொண்டு தமிழ் வினைகள் ஆகிவிட்டன. யோசிக்கிறேன், யோசித்தேன், யோசிப்பேன் என்று காலம் காட்டும் ஒட்டுகள் எல்லாம் அவற்றில் சிக்கலில்லாமல் ஏறும். அரபியில் பிறந்த ‘வசூல்’ கூட அந்த வழியாக உள்ளே வந்து, வசூலிக்கிறார்கள், வசூலித்தார்கள் என்று ஆகிவிட்டது. ஆனால் ஆங்கில வினைகள் வந்தபோது அந்த ‘இ’ கை நீட்டவில்லை. ‘டவுன்லோடிக்கிறேன்’ என்று யாரும் சொல்வதில்லை. ‘டவுன்லோட் பண்ணு’, ‘ஷேர் பண்ணு’, ‘ஃபோன் பண்ணு’ என்று ஒவ்வொன்றுக்கும் ‘பண்ணு’ துணைக்கு வந்து நிற்கிறது. சொல் பெயராகவே இருக்க, காலமும் இடமும் காட்டும் ஒட்டுகளைப் ‘பண்ணு’ சுமக்கிறது. பேச்சில் அதன் ஒலியும் ஒடுங்கத் தொடங்கிவிட்டது. ‘பண்ணிவிட்டேன்’ என்பது ‘பண்ணிட்டேன்’ ஆகியிருக்கிறது. இன்னும் சில தலைமுறை இதே வேகத்தில் போனால், அந்தப் ‘பண்’ என்பதில் எத்தனை எழுத்து மிஞ்சும் என்று காது கொடுத்துக் கேட்க வேண்டும்.